துணிச்சல்: ஏழுக்கு ஆறு

ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பது முறையும் முழுசாக அடித்து ஓய்ந்தது. வேலையில் இருப்பாய் என்று முதல் இரண்டு முறை நம்பினேன். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "அவ நல்லாத்தான் இருக்கா. போனைக் கையில வெச்சிக்கிட்டு நீ கூப்பிடுறதைப் பார்த்துக்கிட்டேதான் நின்னா" என்கிறார். கோபம் என்று புரிகிறது. எதற்கென்றுதான் புரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நம் கட்டுரை வந்துவிட்டது. ஐந்து வருஷம், மூன்று இனம், நூற்றுப் பதினேழு குரங்குகள். ஒவ்வொன்றுக்கும் துணிச்சல், எரிச்சல், ஆர்வம், கூடிப் பழகும் குணம் என்று நான்கு மதிப்பெண். மனிதர்களுக்குப் பக்கத்தில் வாழும் இனங்களின் குணத்தை இத்தனை நாள் உட்கார்ந்து ஒப்பிட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. பஸ் ஸ்டாண்டு செம்மூஞ்சிகள்தான் துணிச்சலிலும் எரிச்சலிலும் முதலிடம். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து நீளவால்கள் கடைசி. கல்குவாரிக் கருங்குரங்குகள் நடுவில். இடைவெளி இவ்வளவு பெரிதாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு உங்கள் நகராட்சியிலிருந்து எனக்குப் போன். செம்மூஞ்சிக் கூட்டம் முழுவதையும், நாற்பத்தொன்றையும், பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்டில் விடப் போகிறார்களாம். ஆலோசனைக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஜூலை இருபதாம் தேதி இங்கே நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஒன்பது வருஷமாக வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலைக்கு ஒரு முடிவு வரும் போலிருக்கிறது.

அதற்கு முன் கடைசி நோட்டுப் புத்தகம் வேண்டும். ஜனவரிக்குப் பிறகு நீ எழுதியது. பார்சலில் போட்டுவிடு, உன் ஆபீஸ்தானே.

அப்பா எப்படி இருக்கிறார்? கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

போனை எடுத்தால் நீ பேசுவாய், நான் ம் கொட்டுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. இந்த முறை எழுது, நானும் எழுதுகிறேன். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

உன் நல்ல செய்தி எனக்கு முன்பே தெரியும். நகராட்சி அறிவிப்பை எங்கள் ஆபீஸ் கண்ணாடியில்தான் ஒட்டினார்கள். எடை போடும் மேசையிலிருந்து நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படுகிறது. 'அறிவியல் ஆய்வில் ஆபத்தானவை எனக் கண்டறியப்பட்ட குரங்குகள்.' போன வாரம் ஒருவன் டேப்போடு வந்து பஸ் ஸ்டாண்டில் பயன்படாத ஏழாவது நடைமேடையை அளந்தான். கூண்டு வைக்க இடமாம். அவன் அளக்கும்போது கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை யார் என்று உனக்குத் தெரியாது. உன் கட்டுரையில் அது இருபத்திரண்டாம் எண். எதைப் பார்த்தாலும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுகிற மாதிரி செய்யும். அதனால் அந்தப் பெயர்.

கட்டுரையை நானும் படித்தேன். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு, நான்கு நாள் படித்தேன். என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'உள்ளூர் உதவியாளருக்கு நன்றி' என்று இருந்தது. உன் காரோட்டிக்கும் அதே வரியில்தான் நன்றி. அவராவது ஒரு வாரம் கார் ஓட்டினார். நான் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபம் எதற்கென்று புரியவில்லை என்கிறாய். நம் வீட்டில் எனக்கும் உனக்கும் யாரோ ஒருநாள் மதிப்பெண் போட்டார்கள். பெரியவள் துணிச்சல்காரி, சின்னவள் பொறுமைசாலி. துணிச்சல்காரி படிக்கப் போனாள். பொறுமைசாலி அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டாள், அம்மா போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த மதிப்பெண்ணை அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை.

அந்தக் காட்டில் வேறு கூட்டம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீயே ஒருமுறை சொன்னாய், அடுத்த கூட்டத்தின் இடத்தில் கொண்டுபோய் விட்டால் பாதி ஒரு மாதத்தில் செத்துவிடும் என்று. மாமியார் என்று ஒரு கிழட்டுப் பெண் குரங்கு இருக்கிறது, ஒரு கண் தெரியாது. அது எங்கே போய்ப் பிழைக்கும்? இதை நிறுத்து. நீ குழுவில் இருக்கிறாய், உன்னால் முடியும்.

நோட்டுப் புத்தகம் வராது.

தங்கச்சி


ஜூன் 18

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியில் அடி விழுந்தது.

பெயர் விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். உன் பெயரைப் போட வேண்டும் என்று நான் கேட்டேன். பேராசிரியர், "பட்டம் இல்லாதவங்க பேரைப் போட்டா ஆய்வோட மதிப்பே குறைஞ்சிடும்மா" என்றார். நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வாரம்தான் என் வேலையை நீட்டிக்கும் தாள் அவர் மேசையில் இருந்தது. இங்கே நான்கு பேருக்கு ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு பிளக். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் பிளக். நாற்பத்தொரு வயதில் பிளக்குக்காக ஏழு மணிக்கு வந்து உட்காருகிறேன். துணிச்சல்காரியின் வாழ்க்கை இதுதான்.

நான் துணிச்சலாகக் கிளம்பினேன் என்று நீயும் நம்புகிறாயா? பயந்துதான் ஓடினேன். இன்னும் இரண்டு வருஷம் அந்தச் சமையலறையில் நின்றால் அம்மா மாதிரியே ஆகிவிடுவேன் என்று பயம். வீட்டில் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்தார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குரங்கு. அவற்றைப் பிடிக்கச் சொன்னது நான் இல்லை. உன் ஊரில் போன வருஷம் அறுபத்து மூன்று பேரைக் கடித்திருக்கிறது. டீக்கடைக்காரரின் மகளுக்குக் கன்னத்தில் பதினோரு தையல். அதை நீயே நேரில் பார்த்தாய். நகராட்சி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இந்த இனத்தின் குணமே இதுதானா, இல்லை சூழ்நிலையால் இப்படி நடந்துகொள்கிறதா? எண்களைப் பார்த்துப் பதில் சொன்னேன். ஐந்து வருஷமும், எல்லாப் பருவத்திலும், செம்மூஞ்சிகள் ஆளை நெருங்குகின்றன, பையை இழுக்கின்றன, பல்லைக் காட்டுகின்றன. நீளவால்கள் அதே ஊரில், அதே ஆளிடம், கிளையை விட்டு இறங்குவதே இல்லை. பார்க்கிறவர் ஒரே ஆள், விதிகள் ஒன்றே. அப்படியானால் வித்தியாசம் குரங்கில்தான் இருக்கிறது. இதை எந்தக் குழுவும் மறுக்க முடியாது.

உன் கணக்குப்பிள்ளைக்குத் துணிச்சலில் ஏழுக்கு ஆறு போட்டது யார்? நீ. மாமியாருக்கு எரிச்சலில் ஏழுக்கு ஏழு போட்டது யார்? உன் கையெழுத்து அது. அவ்வளவு சாது என்று தெரிந்தால் ஏன் அப்படிப் போட்டாய்? எனக்கு விளங்கவில்லை. விளங்கும்படி எழுது.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

விளங்கும்படி எழுதச் சொன்னாய். ஒன்பது நாளாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன். இதையும் கிழிப்பதற்கு முன் ஆபீஸ் பையனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் நீ ஒட்டிய விதிகள் இருக்கின்றன. நான்காவது: 'கவனிப்பவர் கையிலோ பையிலோ உணவு இருக்கக் கூடாது.' ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'விதிகள் பின்பற்றப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கங்களில் போட்டதெல்லாம் பொய்க் கையெழுத்து.

என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, சொல்கிறேன். காலை ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி, நீளவால்கள். கையில் நோட்டும் பேனாவும் மட்டும்தான். பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பயிற்சி வார்டில் விட்டுவிட்டு ஆபீஸ். பக்கவாதம் வந்த வருஷத்திலிருந்து பகல் முழுக்க அவருக்கு அங்கேதான் கைகால் பயிற்சி. பன்னிரண்டரைக்கு எனக்கு இடைவேளை. ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாடு போயாக வேண்டும், சர்க்கரை இருக்கிறது. நடுவில் இருக்கிற அரை மணி நேரத்தில்தான் செம்மூஞ்சிகளைப் பார்ப்பேன். என் தோளில் பை, பைக்குள் சூடான சாப்பாடு, வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை வார்டு விடுமுறை. அன்றைக்குக் கல்குவாரி, அதற்கும் வெறுங்கையோடுதான் போவேன்.

உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நீ படித்தவள். நெருங்கி வந்தது என்னிடம் இல்லை, பையிடம். இழுத்தது பையை. நான் பையை மார்போடு பிடித்துக்கொண்டால் பல்லைக் காட்டும். அதற்கு நான் எரிச்சல் ஏழு போட்டேன்.

முதல் வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக. நான் ஒருநாளும் அவற்றுக்கு எதுவும் கொடுத்ததில்லை. கொடுத்தால்தானே தப்பு என்று நினைத்தேன். இரண்டாம் வருஷம் மார்ச்சில் சந்தேகம் வந்தது. ஏழு நாள் பையை டீக்கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை இரண்டு, பாதிமீசை மூன்று, மாமியார் எரிச்சலில் ஒன்று. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒன்றையொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஏழு பக்கமும் நோட்டில் இருக்கிறது. ஆறாவது நாள் டீக்கடையில் கூட்டம், பையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் ஒன்றே கால் ஆகிவிட்டது. அப்பா தரையில் கிடந்தார். நர்ஸ் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு வேளைச் சோத்தை நேரத்துக்குக் கொண்டுவர முடியாதா உங்களுக்கு?" என்றாள். ஏழாவது நாளை மட்டும் முடித்துவிட்டு, எட்டாவது நாள் பையை மறுபடி தோளில் மாட்டினேன்.

நீ அந்த ஏழு பக்கத்தையும் பார்த்தாய். ஓரத்தில் பென்சிலால் 'மழைக் காலமோ?' என்று எழுதியிருக்கிறாய். மார்ச் மாதத்தில்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ வருஷத்துக்குப் பத்து நாள் வந்து, சரிபார்க்க நீயும் மதிப்பெண் போட்டாய். நீ போட்டதெல்லாம் இரண்டு, மூன்று. "என் முகம் புதுசு, அதான் ஒதுங்குதுங்க. உன் மார்க்குதான் சரி" என்றாய். பெரிய படிப்புப் படித்த அக்கா என் மார்க்கைச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உன் தோளில் சாப்பாட்டுப் பை இல்லாததுதான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் வேறு ஆளைப் போட்டிருப்பாய். வீடு, வார்டு, எடை மேசை தவிர எனக்கென்று இருந்தது அந்த நோட்டு மட்டும்தான். பக்கத்துக்குப் பக்கம் பொய்யாகப் போனபோதும் அதை விட முடியவில்லை. தப்பு என்னுடையதுதான். அதைப் பூசி மெழுகவில்லை.

டீக்கடைக்காரர் மகளைக் கடித்ததும் உண்மை. அவள் கையில் பிரித்த பிஸ்கட் இருந்தது. கடிபட்ட அறுபத்து மூன்று பேர் கையிலும் என்ன இருந்தது என்று நகராட்சியில் யாராவது கேட்டார்களா?

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பிடிக்கிறார்கள். அதற்குள் சொல்லிவிடு. கடைசி நோட்டை இத்தோடு வைத்திருக்கிறேன்.

தங்கச்சி


ஜூலை 2

ஐந்து வருஷம். ஆயிரத்து ஐந்நூறு கையெழுத்து. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அக்கா, ஒரு சிக்கல்" என்று சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றியிருப்பேன், தீர்ந்தது. செம்மூஞ்சியைக் காலையிலும் நீளவாலை மதியமும் பார்த்திருந்தால் போதும். முட்டாள்தனமாக இவ்வளவு எளிதாக இருக்கிறது அது.

அப்பாவுக்கு மதியச் சாப்பாடு யார் கொண்டுபோகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வார்டில் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, யோசித்ததே இல்லை.

பென்சில் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியதுதான். எனக்கு வேண்டிய எண் வந்தபோது நம்பினேன், வேண்டாத எண் வந்தபோது மழை என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜூலை இருபது வரை வாயைத் திறக்காதே. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி குழுவுக்கு நானே எழுதுகிறேன். ஆகஸ்ட் ஐந்துக்கு அதற்குப் பிறகும் இரண்டு வாரம் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. தயவுசெய்து.

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே நான் நகராட்சிக்குப் போய்விட்டேன். சொல்லாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நீயும் எதிர்பார்க்காதே.

சுகாதாரப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த நோட்டுப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு கேட்டார்:

"இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"பார்சல் ஆபீஸ்ல வேலை."

"ஆய்வு பண்ணினது யாரு?"

"எங்க அக்கா."

"அப்ப அவங்கதானேம்மா சொல்லணும், தப்பா சரியான்னு. நீங்க எழுதினதை நீங்களே தப்புங்கிறீங்க. நாளைக்கு அவங்க சரின்னு சொன்னா நான் யாரை நம்புறது?"

"அங்க போய் அரை மணி நேரம் வெறுங்கையோட உக்காந்து பாருங்க சார். உங்களுக்கே தெரியும்."

"குரங்கோட உக்கார எனக்கு ஏதும்மா நேரம்? அக்காகிட்டருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே நிறுத்திடறேன்."

ஆக, இருபத்தொன்றாம் தேதிக்காக உன்னைவிட நான்தான் அதிகமாகக் காத்திருக்கிறேன். வாயைத் திறக்காதே என்று எழுதினாய். திறந்தும் பார்த்துவிட்டேன், உள்ளே இருந்து ஒன்றும் வராதது போலத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

கூண்டுகள் வந்து இறங்கிவிட்டன. ஏழாவது நடைமேடையில் இரண்டடுக்காக வைத்திருக்கிறார்கள். குட்டிகள் அதில் ஏறி இறங்கி விளையாடுகின்றன, கம்பிக்குள் போய்ப் போய் வருகின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. இடைவேளையில் அந்தப் பக்கம் போகாமல் சுற்று வழியில் வார்டுக்குப் போகிறேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. உனக்கு நேர்முகத் தேர்வு என்று மட்டும் சொன்னேன். இடது கையைத் தூக்கி உனக்கு வாழ்த்துச் சொன்னார். அந்தக் கை இவ்வளவு உயரம் தூக்கியது நான்கு மாதத்தில் இதுதான் முதல் முறை. எனக்காக அவர் அதைத் தூக்கியதில்லை, பரவாயில்லை.

இருபத்தொன்று.

தங்கச்சி


ஜூலை 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

நிறுத்திவிட்டார்கள். உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் என்று ஆசை.

இருபத்தொன்று வரை நான் காத்திருக்கவில்லை. தேர்வு அறைக்குள் ஐந்து பேர். முதல் கேள்வியே செம்மூஞ்சியைப் பற்றி. வாயைத் திறந்தேன், சரியான பதில்தான் வர வேண்டியது, அதற்குப் பதில் உண்மை வந்துவிட்டது. "அந்த முடிவை நான் திரும்பப் பெறுகிறேன்" என்றேன். சேகரிப்பில் நடந்த பிழையைச் சொன்னேன். என் கதை முடிந்தது என்றுதான் வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். வேலை எனக்குத்தான். தலைவர் சொன்னாராம், தன் சொந்த வெற்றியைத் தானே திருத்திக்கொள்ளும் ஆள் கிடைப்பது அரிது என்று. உட்கார்ந்து அழுதேன். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

திருத்தக் குறிப்பைப் பத்திரிகைக்கும் நகராட்சிக்கும் அன்றே அனுப்பினேன். நகல் இத்துடன். குறிப்பு இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. என்ன நடந்தது, யார் செய்தது, ஆய்வாளருக்குத் தெரியுமா, இவ்வளவுதான் கேட்பார்கள். சொந்த விஷயங்களுக்கு அதில் இடம் கிடையாது. பேராசிரியரும் பார்த்துச் சில இடங்களை மாற்றினார். படிக்கும்போது கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம், மனதில் வைத்துக்கொள்ளாதே. நாற்பத்தொரு குரங்குகளும் அங்கேயே இருக்கும், நீ கேட்டது அதைத்தானே.

அடுத்த மாதம் எனக்குத் தனி அறை. அப்பாவைப் பார்க்க ஒரு வாரம் வருகிறேன். செம்மூஞ்சிகளை மறுபடி பார்க்க வேண்டும், இந்த முறை சரியான முறையில். புதிதாக ஒரு ஆளை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பட்டம் படித்த பெண். நீ அவளுக்கு முகங்களை மட்டும் அடையாளம் காட்டினால் போதும்.

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

நேற்றுக் கூண்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், காலியாக. நான் ஆபீஸ் வாசலில் நின்று கடைசிக் கூண்டு வரை எண்ணினேன். நீ நிறுத்தினாய். உன்னால்தான் நடந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, சொல்லிவிட்டேன்.

குறிப்பைப் படித்தேன். இந்த முறை அகராதி தேவைப்படவில்லை. 'தரவு சேகரித்தவர்' என்று போட்டு, பக்கத்தில் என் முழுப் பெயர், இனிஷியலோடு. எழுத்துப் பிழைகூட இல்லை. 'விதியை மீறித் தொடர்ந்து உணவை உடன் வைத்திருந்தார். தெரிந்த பிறகும் பக்கம் பக்கமாகப் பொய்யாகக் கையொப்பமிட்டார். ஆய்வாளர் இதை அறிந்திருக்கவில்லை.' ஐந்து வருஷ வேலை சரி என்று எல்லாரும் நம்பியபோது உள்ளூர் உதவியாளர், தப்பு என்றதும் பெயர் வந்துவிட்டது. பட்டம் இல்லாதவள் பெயரைப் போட்டால் மதிப்புக் குறையும் என்ற கவலை இந்த முறை யாருக்கும் வரவில்லை.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை, அதுதான் என்னைத் தின்கிறது. ஆனால் என் ஏழு பக்கம் அதில் இல்லை. உன் பென்சில் இல்லை. பத்து நாள் வந்து நீ போட்ட இரண்டும் மூன்றும் இல்லை. ஆய்வாளர் அறிந்திருக்கவில்லை என்று எழுதினாய். அறிந்துகொள்ள எல்லாமே உன் மேசையில் இருந்தன.

இங்கே பத்திரிகைக்காரன் அதை எடுத்துப் போட்டுவிட்டான், 'குரங்கு ஆய்வில் மோசடி' என்று. மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீங்க போடற எடையை இனிமே இன்னொருத்தர் சரிபார்க்கட்டும். தப்பா நினைக்காதீங்க, மேலிடத்துல கேட்கறாங்க" என்றார். பதினாலு வருஷமாக எடை போடுகிறேன். இப்போது நான் போட்ட ஒவ்வொரு பார்சலையும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் தூக்கி மறுபடி வைத்துப் பார்க்கிறான். புதிதாக வரும் உன் பெண்ணுக்கு முகங்களை அடையாளம் காட்டச் சொல்கிறாய். மாட்டேன். அவளாகவே ஐந்து வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குத்தானே எனக்கு மார்க். எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

வார்டில் அந்தச் செய்தித்தாள் அப்பா கைக்குப் போய்விட்டது. எழுத்து அவருக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் என் பெயர் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "படி" என்றார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. உள்ளதை உள்ளபடி படித்தேன்.

சிரிப்பு போய்விட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டார்: "சாப்பாடா... யாருக்கு... கொண்டுபோன?"

"உங்களுக்குத்தான்பா. மதியச் சாப்பாடு."

"எனக்கா?"

"ஆமாம்பா."

பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே கொண்டு வராதம்மா" என்றார்.

நான்கு நாளாகிறது. மதியம் ஒரு வாய் இறங்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், ஊட்டப் போனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றுகிறாள். தன்னால்தான் மகள் பெயர் கெட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார், அந்த முடிவை நான் எத்தனை முறை தப்பு என்று சொன்னாலும் அவர் நம்புவதாக இல்லை. நீ சொன்னால் நம்புவார். இந்த ஊரில் எல்லாருமே நீ சொன்னால்தான் நம்புகிறார்கள்.

அடுத்த மாதம் வரை இருக்காதே, உடனே வா. வரும்போது அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்த்து அச்சடித்துக் கொண்டு வா, அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். உன் பேராசிரியர் சொந்த விஷயம் என்று அடித்தால் அடிக்கட்டும், அடித்ததோடு கொண்டு வா. அந்தச் சாப்பாடு எங்கள் அப்பாவுக்கு என்று எழுது. அவளுடைய அப்பாவுக்கு என்று எழுதிவிடாதே.

தங்கச்சி